மாறும் கடனும் தீரும் கடனும்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உள. வாங்கிய பணத்தைக் குறிக்கும் அச்சொல்லே ஆற்றவேண்டிய கடமையையும் குறிக்கின்றது. வாங்கியதைத் திருப்பிச் செலுத்துதல் அறம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின், கொடுப்போனுக்கும் ஓர் அறம் உண்டா என்னும் வினா நம்மிடையே அரிதாகவே எழுப்பப்படுகின்றது. மலையகத்து மாணவனுக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று.

இந்நாட்டிலே 1945 முதல் இலவசக் கல்வி நிலவுகின்றது. 1981இல் மகாபொல நிதியமும் தோன்றியது. எனினும் அறை வாடகை, உணவு, கணினி ஆகியவை இலவசமாகக் கிடைப்பனவல்ல. அட்டன் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்த என் தமையனார் பட்டம் பெறுமுன் எங்கள் தாயாரின் தோடு அடகுக்குச் சென்றது, கைமாற்றுகளும் சேர்ந்தன. கொழும்பில் வேலை கிடைத்ததும் கடனட்டை ஒன்று பெற்று அக்கைமாற்றுகளை அடைத்தார். பின்னர், அட்டையின் நிலுவையைத் தம்மிடம் மாற்றினால் முதல் ஆறு மாதம் மிகக் குறைந்த வட்டியே அறவிடப்படும் என மற்றொரு வங்கி அழைத்தது. “வட்டி குறைகின்றது, இதில் என்ன தவறு?” என்று அவர் என்னை வினவினார்.

அவ்வேளை என் நினைவுக்கு வந்தது நம் முன்னோர் அறிந்த ‘துண்டு’. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வழிச்செலவும் முற்பணமும் அவர்தம் பெயரிலேயே கடனாக எழுதப்பட்டன. அக்கடனைச் செலுத்தினால் இவரை விடுவிப்போம் எனத் தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு. புதிய தோட்டம் பணத்தைச் செலுத்தும்; கடனோ தொழிலாளியைத் தொடர்ந்து புதிய தோட்டத்துப் பேரேட்டில் ஏறும். தோட்டம் மாறியது, துரை மாறினார், கடன் மட்டும் தீரவில்லை. 1921இல் சட்டம் இம்முறையை ஒழித்தது.

இவ்வொப்புமையை எல்லை கடந்து நீட்டுதல் நேர்மையாகாது. கடனட்டை பெற்றவர் கொத்தடிமை அல்லர், கையொப்பமிட்டவரும் அவரே. ஆதலின் பொறுப்பில் ஒரு பாதி அவருடையது. மறுபாதி எவருடையது? ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டி எனக் கொண்டால், ஓர் இலட்சம் ரூபா நிலுவைக்கு மாதம் 2,000 ரூபா வட்டியாகும். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. எனவே, முதலில் ஒரு சதமும் குறையாதிருக்க, மாதந்தோறும் ஏறத்தாழ ஒன்றரை நாள் உழைப்பு வட்டிக்கே போகும். சலுகைக் காலத்தில் ஆகக்குறைந்த தொகையை மட்டும் செலுத்திவந்தால், ஆறு மாதம் முடிய எஞ்சிய முதல்மீது உயர்ந்த வட்டி மீண்டும் ஏறும். குறைந்த வட்டியைப் பெரிய எழுத்திலும் அது முடியும் நாளைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவோர், கடனாளியின் அறியாமையிலிருந்தே இலாபம் தேடுகின்றனர் எனலாம். அறியாது அளித்த சம்மதம் முழுச் சம்மதமாகாது.

ஆகவே, கடனின் நன்மை தீமையை வட்டி வீதம் ஒன்றே தீர்மானிப்பதில்லை. தொடங்கும் நாளிலேயே அதன் முடிவு தெளிவாகத் தெரிகின்றதா என்பதே உரைகல். முடிவைக் காட்டிக் கொடுத்தல் கொடுப்போன் கடமை. அதனைக் கேட்டறிந்து பெறுதல் பெறுவோன் கடமை.

தமையனார் நிலுவையை மாற்றினார். ஆனால், மாற்றுவதற்கான கட்டணத்தையும் சேர்த்து மொத்தத் தொகையை ஆறாகப் பகுத்து மாதந்தோறும் செலுத்தினார். பழைய அட்டையைக் கத்தரித்தார். ஏழாம் மாதம் தாயாரின் தோடு மீண்டது. நம் பாட்டன்மார்க்குக் கணக்கை வினவும் உரிமை இருக்கவில்லை. அவ்வுரிமை பெற்ற நாம் அதனைப் பயன்படுத்தாதிருத்தல் தகுமா?