பொறுத்தலும் கொடுத்தலும்

'க்ஷமா' என்னும் வடசொல் பொறுமையைக் குறிக்கும், பூமியையும் குறிக்கும். கைசிக மாஹாத்மியத்தை வராஹப் பெருமான் அருளிச்செய்ததும் பூமிப் பிராட்டிக்கே. பொறுமையே வடிவானவளுக்குப் பொறுத்தலின் கதை எதற்கு என்று கேட்பாருண்டு. அவள் மீது நடமாடும் மாந்தர்க்காகவே அது சொல்லப்பட்டது எனக் கொள்வதே பொருத்தம்.

திருநெல்வேலிச் சீமையில், மகேந்திரகிரியின் அடிவாரத்தில் உள்ளது திருக்குறுங்குடி. பொருநைக்கரைக் குருகூரின் காரியும் உடையநங்கையும் பிள்ளை வரம் வேண்டி நின்ற ஸன்னிதி இதுவேயென்பர். கார்த்திகைச் சுக்ல ஏகாதசி இரவில் நம்பியின் திருமுன்பே இங்குக் கைசிக நாடகம் நிகழ்கிறது. முற்காலத்தில் தேவதாசியர் ஆடி வந்த இந்நாடகம் இடையில் நலிந்தது. 1999ஆம் ஆண்டில் அனிதா ரத்னம் அவர்களின் முயற்சியாலும், பேராசிரியர் சே. இராமாநுஜம் அவர்களின் நெறியாள்கையாலும் மீண்டும் தழைத்தது. காண வருவோர் வெறும் பார்வையாளரல்லர். உபவாசமிருந்து, கண் விழித்து, அவர்களும் நம்பாடுவானின் விரதத்தில் பங்கு கொள்கின்றனர்.

நம்பியைப் பாடச் சென்ற நம்பாடுவானைப் பசித்த பிரும்மராக்ஷஸன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்புவதாகச் சபதங்கள் செய்து சென்றவன், சொன்னபடியே திரும்புகிறான். "பாடிய பலனைக் கொடு, விட்டுவிடுகிறேன்" என்கிறான் ராக்ஷஸன். நம்பாடுவான் இசையவில்லை, உடலைத் தின்றுகொள் என்கிறான். இவ்விடத்தை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். உயிருக்கு விலையாகக் கேட்டபோது மறுத்தவன், அதே ராக்ஷஸன் தன் பழம்பிழையைச் சொல்லிச் சரணமென்றபோது, கைசிகப் பண்ணின் பலனை மனமுவந்து கொடுத்தான். அச்சத்தால் விட்டுக்கொடுப்பதைப் பொறுமை என்று சொல்வது உலக வழக்கு. சாஸ்திரம் அதை ஒப்புவதில்லை.

வடஅயர்லாந்தின் டெர்ரி நகரில் நெடுங்காலம் பகை மூண்டிருந்தது. அங்கே 2015ஆம் ஆண்டில் டேவிட் பெஸ்ட் என்னும் கலைஞர் மரத்தாலொரு கோயில் எழுப்பினார். மக்கள் தம் துயரையும் மனத்தாங்கலையும் அதில் எழுதி வைத்தனர்; பின்பு மார்ச் மாதத்தில் அது எரியூட்டப்பட்டது. நல்ல காரியமே. ஆயினும் எரிப்பதால் தன் நெஞ்சின் சுமை இறங்கலாம். பிழை செய்தவனுக்கு என்ன கிடைத்தது? நம்பாடுவான் தன் சினத்தை மட்டும் விட்டானல்லன். தான் ஈட்டியதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

இன்னொன்றும் உண்டு. வேள்வியில் பிழைத்து ராக்ஷஸனானவன் அந்தணன். அவனைக் கரையேற்றியவனோ, ஆலயத்துக்குள் புகத் தகாதவனென்று ஊர் ஒதுக்கி வைத்த பாணன். இக்காட்சியில் கண்ணீர் மல்குவது எளிது. மன்னிப்பைக் கேட்க வேண்டியவர் யார் என்று சபையிலிருப்போர் தம்மையே வினவுவது அத்தனை எளிதன்று. நம்பாடுவான் எவரிடமும் அதைக் கேட்டு வாங்கியதாகக் கதையில் இல்லை. மறுபடியும் வெளியே நின்றே பாடினான்.

அவன் கண்டு களிக்கும்படி விலகியதாகச் சொல்லப்படும் கொடிமரம், நேரே நில்லாது இன்றும் ஒதுங்கியே நிற்கிறது. ஸேவிக்கச் செல்வோர் காணலாம்.