கோயில் யாருக்கு உரியது?

தம் பொருளைக் கொண்டு ஒருவர் கோயில் எழுப்பினால், அஃது அவர்தம் வழியினருக்கே உரிய சொத்தாகுமா? கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

1873இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய அக்கோயில், தொடக்கத்தில் அவர் குடும்பத்தாரின் வழிபாட்டிடமாகவே விளங்கியது. 1920களின் பிற்பகுதியில் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர் நிர்வாகமும் அறங்காவலரிடம் சேர்ந்தது.

இதனால் அக்குடும்பம் இழந்தது என்ன? நிறுவியவரின் கொடையை மறப்பது நன்றிக்கேடு. ஆயினும், கூலியாள் ஒருவன் தன் காணிக்கையை உண்டியலில் இட்ட பின்னர், எது அவன் காசு, எது செல்வர் காசு என்று பிரித்தறிய இயலுமா? அவன் வேண்டுதலுக்குத்தான் பட்டா உண்டா? ஆகவே, நிறுவியவர்க்கு நம் நன்றி உரியது. கோயிலோ வணங்குவோர் அனைவர்க்கும் உரியது. இன்று சாவியை ஏந்தி நிற்கும் குழுவினரும் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.