தெரிந்தவர் சொல்லாமல் விட்டால்

பல்கலைக்கழக நூலகத்தில் ஏதோ ஒன்று மாறுகிறது. புத்தகம் வழங்கும் மென்பொருளாக இருக்கலாம், மின்னிதழ்களுக்குள் நுழையும் வழியாக இருக்கலாம், அபராதக் கணக்காக இருக்கலாம். அது தெரிந்தவர் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டால் பாவமா? அலுவலகக் கூட்டத்தில் இப்படிக் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். குறை என்பார்கள், கவனக்குறைவு என்பார்கள். பாவம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. நான் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவள். உதவி நூலகராகப் பல வருஷம் வேலை பார்த்தபின், அந்தப் பேச்சை அங்கே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வினைகள் எட்டு என்று எங்கள் வீடுகளில் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அவற்றில் முதலில் எண்ணப்படுவது ஞானாவரணீயம், அறிவை மறைக்கும் வினை. உயிருக்கு அறிவு இயல்பிலேயே உண்டு, அதை மூடிக்கொண்டு நிற்பது இந்த வினை. இது எதனால் வந்து ஒட்டுகிறது என்று உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் சொல்கிறார். காரணங்கள் ஆறு. கொலையும் களவும் அந்த வரிசையில் கிடையாது. தெரிந்திருந்தும் தெரியாது என்று சொல்வது, கொடுக்கத் தகுந்த அறிவைப் பொறாமையால் கொடுக்காமல் வைத்துக்கொள்வது, அறிய முயல்கிறவருக்கு இடைஞ்சல் செய்வது என்று போகிறது அந்த வரிசை. பூஜ்யபாதர் தம் சர்வார்த்த சித்தி உரையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து விளக்குகிறார். நான் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தெரிந்த அலுவலக முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். பிறர் அறியவொட்டாமல் தடுத்தவரின் சொந்த அறிவே மூடிக்கொள்ளும் என்கிறது சாத்திரம். இதைவிடக் கச்சிதமான தண்டனையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு சுருத பஞ்சமி அன்று, ஊர் ஜினாலயத்தில் ஏடுகளையும் புத்தகங்களையும் துடைத்துப் புதுத்துணியில் கட்டிக்கொண்டிருந்தபோது, சாத்திரம் படித்த என் சித்தப்பாவிடம் இந்தக் கேள்வியைப் போட்டேன். “ஏம்மா, உமாசுவாமி சொன்னது மோட்ச மார்க்கத்து ஞானம். உங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அதைப் போய் இழுக்கிறியே” என்றார். நியாயமான தடைதான். ஒரு புத்தகம் எந்த அலமாரிக்கு மாறியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு யாரும் வீடுபேறு அடையப்போவதில்லை.

ஆனால் அறிவை ஐந்தாகப் பிரிப்பதும் அதே நூல்தான். உச்சியில் கேவல ஞானம், முற்றறிவு. அடியில் இருப்பது மதி ஞானம், கண்ணாலும் காதாலும் மனத்தாலும் அன்றாடம் நாம் அறிகிற அறிவு. ஞானாவரணீயமும் ஐந்து வகை என்றும், அதில் ஒன்று மதி ஞானத்தை மறைப்பது என்றும் அந்த நூலே சொல்கிறது. அன்றாட அறிவு அற்பமானது, கணக்கில் வராது என்று உமாசுவாமி நினைத்திருந்தால் அதற்குத் தனியாக ஒரு திரையை எண்ணியிருக்க மாட்டார். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். “சரி, அப்படி வச்சுக்க. ஆனா வேணும்னே மறைக்கிறவனுக்குத்தானே அது? சொல்ல மறந்தவனுக்கு?” என்று கேட்டார். விஷயம் அங்கேதான் கனக்கிறது. ஏனென்றால் நூலகத்தில் வேண்டுமென்றே மறைப்பவர் மிகக் குறைவு, சொல்லாமல் விடுபவர்தான் அதிகம்.

எங்கள் நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் அட்டைக்கு உள்பக்கத்திலும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு ஒட்டியிருக்கும். மாணவர் தானியங்கி இயந்திரத்தில் அடையாள அட்டையைக் காட்டிப் புத்தகத்தை வைத்ததும் இரண்டு வேலை நடக்க வேண்டும். கணக்கில் அவர் பெயரில் புத்தகம் பதிவாக வேண்டும். சில்லில் இருக்கும் பாதுகாப்புக் குறி அணைய வேண்டும். குறி அணையாவிட்டால் வாசலில் நிற்கும் உணரிச் சட்டங்கள் அலறும். ஒரு நாள் மென்பொருளைப் புதுப்பித்தபின் முதல் வேலை நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. கணினிப் பிரிவுக்கு அது காலையிலேயே தெரியும். மும்முரமாகச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் முதலாமாண்டு மாணவி ஒருத்தி வெளியே போனாள், மணி அலறியது. செக்யூரிட்டி அண்ணன் பையைத் திறக்கச் சொன்னார். சாப்பாட்டு டப்பா, மடித்த துப்பட்டா, ஒரு புள்ளியியல் புத்தகம். “மெஷின்ல போட்டுட்டுத்தான் சார் எடுத்தேன்” என்றாள், குரல் உடைந்துவிட்டது. பின்னால் பையன்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் புத்தகத்தை இன்னொரு தடவை சட்டங்களுக்கு நடுவே கொண்டுபோனார், மறுபடியும் அலறல். இருவரும் என் மேசைக்கு வந்தார்கள். கணக்கில் பார்த்தேன், அவள் பெயரில் பதிவு சரியாக இருந்தது. அவளிடம் சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். அவர் மட்டும் போகாமல் நின்றார். “இது காலையிலேயே தெரியுமா மேடம்?” என்றார். தெரியும் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மணி அடித்தால் பையைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட விதி. அதை ஒழுங்காகச் செய்தார். செய்ததால் ஒரு பெண் பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் திருடிபோல நிறுத்திவைத்தவர் ஆனார். அந்தக் காரியத்தின் பொறுப்பு யாருடையது? கை அவருடையது. கண்ணை மூடியது, மேலே குளிரூட்டிய அறையில் இருந்த மௌனம். சமண நூல்கள் ஹிம்சையை வரையறுக்கும்போது பிரமாதத்தை, அதாவது அசட்டையை, முன்னால் வைக்கின்றன. அசட்டையான செயலால் உயிருக்கு ஊறு செய்வதே ஹிம்சை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். பகை இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. பார்த்து நடக்காத கால் எறும்பை மிதித்தால் ‘நான் நினைக்கவில்லையே’ என்பது எங்களிடம் செல்லாது. நடந்தவர் பார்த்திருக்க வேண்டும். அப்படியானால், மாற்றத்தைச் செய்தவர் அதன் மறுமுனையில் யார் நிற்கிறார் என்று பார்த்திருக்க வேண்டாமா? சித்தப்பாவுக்கு என் பதில் இதுதான்: மறந்தவருக்கும் வினை உண்டு. நினைவில் வைத்துக்கொள்வது அவர் கடமையாக இருந்ததே.

அதற்காக எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பது வாசகரின் அந்தரங்கம், அதைக் காக்க வேண்டும். சர்வரின் கடவுச்சொல் நான்கு பேரிடம் இருக்கக் கூடாது. காப்பதும் மறைப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். எங்கள் மரபிலேயே அதற்குப் பெரிய சான்று இருக்கிறது. கிர்நார் மலையில் இருந்த தரசேனர், தம்மோடு ஆகம அறிவு அழிந்துவிடுமே என்று அஞ்சித் தெற்கிலிருந்து இரண்டு முனிவர்களை வரவழைத்துக் கற்பித்தார். புஷ்பதந்தர் ஒருவர், பூதபலி மற்றவர். பூதபலி திரமிள தேசத்துக்கு, நம் பக்கத்துக்கு வந்தார் என்கிறது மரபு. அவர்கள் எழுதி முடித்த ஷட்கண்டாகமத்தின் நினைவாகத்தான் சுருத பஞ்சமி. மறையக் கூடாது என்று எழுதப்பட்ட அந்த நூலும் அதன் தவள உரையும், பின்னாளில் கர்நாடகத்து மூடபித்ரியில் மட்டும் ஓலையில் எஞ்சி, நூற்றாண்டுக் கணக்கில் பூட்டியே இருந்தன. போனவர்கள் கும்பிடலாம், படிக்க முடியாது. பெரும்பாடு பட்டுப் பிரதிகள் வெளியே வந்து, ஹீராலால் ஜெயின் பதிப்பில் 1939 முதல் பாகம் பாகமாக அச்சாயின. பூட்டி வைத்தவர்களை ஏச எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் காத்திராவிட்டால் அச்சிட ஏடே மிஞ்சியிருக்காது. ஆனாலும் தரசேனரின் அச்சம் எது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இதை வைத்து நான் ஒரு சோதனை செய்துகொள்கிறேன். சொல்லாமல் வைத்திருப்பதால் காக்கப்படுவது வாசகரா, வைத்திருப்பவரின் இடமா? ‘அந்த வேலை அவருக்குத்தான் தெரியும்’ என்று ஒருவரைப் பற்றி நூலகத்தில் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். அவர் விடுப்பில் போனால் அந்தப் பிரிவே விடுப்பில் போய்விடும். பொறாமையால் கொடாமை என்று உரையாசிரியர் சொன்னது இதைத்தான்.

மறைக்கும் எண்ணம் யாருக்கும் இல்லாமலும் இது நடக்கும். 2025 ஜனவரி 1 அன்று ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் தொடங்கியது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், நாடு முழுக்க 6,300 அரசு நிறுவனங்கள். காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் இதை ஒருங்கிணைக்கிறது. இவ்வளவு பெரிய ஏற்பாடும் கடைசியில் ஒருவர் வாயில் ஒரு வாக்கியமாக வந்து நின்றால்தான் ஆராய்ச்சி மாணவருக்குப் பயன்படும்: ‘கேம்பஸ் நெட்டில் நேராகத் திறக்கும், வீட்டிலிருந்து என்றால் இன்ஃபெட் கணக்கு வேண்டும், அதற்கு இவரைப் பாருங்கள்.’ ஒரு மாலையில் அந்த வாக்கியம் தெரியாதவர் கவுன்ட்டரில் இருந்தார். பழைய இணைப்பு வேலை செய்யவில்லை என்று கேட்டுவந்த மாணவரிடம், “அதெல்லாம் நிறுத்திட்டாங்க சார்” என்று நல்லெண்ணத்தோடு சொல்லி அனுப்பினார். சுற்றறிக்கை வந்திருந்தது. நிரந்தரப் பணியாளர்களின் மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. அவர் தொகுப்பூதியத்தில் இருப்பவர், பல்கலைக்கழக மின்னஞ்சலே அவருக்குக் கிடையாது. நூலகம் வளரும் உயிர் என்று 1931இல் நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் ஐந்தாம் விதியாக எழுதியதை நூலகவியல் தேர்வில் எழுதாதவர் யாருமில்லை. மாலை ஷிஃப்ட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவரும் அந்த உயிரில் சேர்ந்தவர் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

அன்றிலிருந்து கவுன்ட்டரில் ஒரு நீளநோட்டு கிடக்கிறது. என்ன மாறியது, எப்போதிலிருந்து, வாசகர் கேட்டால் என்ன சொல்வது, முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது. தமிழில், பெரிய எழுத்தில். வாட்ஸாப் குழுவில் நீலக் குறி விழுந்தால் படித்தாயிற்று என்று எடுத்துக்கொள்கிறோம். நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர் நின்று கேள்வி கேட்கிறார். காலையில் கதவு திறக்குமுன் எல்லோரும் நின்றபடியே அதை ஒருமுறை வாசிக்கிறோம். செக்யூரிட்டி அண்ணனும் பெருக்குகிற அக்காவும் உண்டு. கழிப்பறை எங்கே என்பதில் தொடங்கி ஜெராக்ஸ் எப்போது திறக்கும் என்பது வரை மாணவர்கள் முதலில் கேட்பது அந்த அக்காவிடம்தான். இயந்திரத்தின் முன் நின்று செய்துகாட்ட வேண்டியதை வாயால் சொல்லி முடிப்பதில்லை, ஒவ்வொருவர் கையாலும் ஒருமுறை செய்ய வைக்கிறோம்.

அறிவைக் கொடுப்பதும் எங்களுக்குத் தானம்தான். அன்னம், அபயம், மருந்து, சாத்திரம் என்று எங்கள் மரபில் தானம் நான்கு. பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பே என்ற அம்மையார், பொன்னரின் சாந்தி புராணத்தை ஆயிரம் ஓலைப் பிரதிகள் எழுதுவித்துக் கொடுத்தார் என்று கன்னட மரபு போற்றுகிறது. ஆயிரம் பிரதிக்கும் எழுத்தாணி பிடித்த கைகள் யாருடையவை என்று பெயர் இல்லை. ஏடு பலர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அந்த அம்மாள் பார்த்திருக்கிறார், அது எனக்குப் போதும். வாங்குபவரின் பதவியைப் பார்த்துக் கொடுப்பது தானம் ஆகாது.

தொகுப்பூதியக்காரர்களையும் மின்னஞ்சல் பட்டியலில் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்தேன். பதினோரு மாதத்தில் போய்விடுவார்கள், அவர்களுக்கு எதற்கு இத்தனை என்று மேலே ஒருவர் கேட்டார். அந்தப் பதினோரு மாதத்தில் கவுன்ட்டருக்கு வருகிற பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது என்று திரும்பக் கேட்டேன். கோப்பு அவர் மேசையில் இருக்கிறது. கையெழுத்து ஆகும்வரை, மாலைப் பணிக்கு வருபவர் வந்து உட்கார்ந்து, அன்றைய பக்கத்தை என்னோடு சேர்ந்து வாசித்த பிறகுதான் நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.