டிக்கிக்கு அடியில் ஒரு சக்கரம்

பெட்ரோல் பங்கில் காற்றடிக்க வண்டியை நிறுத்தினால் பையன் நான்கு சக்கரத்தையும் சுற்றி வருவான். வால்வு மூடியைக் கழற்றி, குழாயைச் செருகி, கருவி ஒலி எழுப்பியதும் அடுத்ததற்குப் போவான். ஐந்தாவதை அவன் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அதை எட்ட வேண்டுமென்றால் டிக்கியைத் திறந்து, ஊருக்குக் கொண்டுபோகும் பைகளையும் தண்ணீர்க் கேனையும் இறக்கி, விரிப்பைத் தூக்கி, நடுவில் பூட்டியிருக்கும் திருகைக் கழற்ற வேண்டும். பின்னால் இரண்டு வண்டிகள் காத்திருக்கும். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறோம். அந்த அடுத்த முறை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது.

ஆபத்துக்கு உதவும் என்று எடுத்து வைத்த பொருள் இருக்கிறது என்ற நினைப்பே நம்மை அதனிடம் போகவிடாமல் செய்துவிடுகிறது. ஸ்டெப்னி இருப்பதால் பயமில்லை என்று இரவுப் பயணம் கிளம்புகிறோம். அதில் காற்று இருக்கிறதா, ஜாக்கி அதன் இடத்தில் இருக்கிறதா, வீல் ஸ்பேனர் நம் வண்டியின் நட்டுக்குப் பொருந்துமா என்று பார்க்காமலே கிளம்புகிறோம். வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு போகிறவர் இதைப் பார்க்காமல் விடுவதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

காற்றடைத்த டயர் வந்த நாளிலேயே பஞ்சரும் வந்துவிட்டது. இரும்புப் பட்டையோ கெட்டி ரப்பரோ மாட்டிய சக்கரத்துக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் ஏறியவரின் எலும்பைக் குலுக்கிவிடும். 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்று நிரப்பிய சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார்; அது பரவவில்லை. பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்து 1888இல் காப்புரிமை வாங்கியதுதான் உலகமெங்கும் போனது. தொடக்ககால மோட்டார் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சரானால் சாலையோரத்தில் உட்கார்ந்து, டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுத்து, டியூபை ஒட்டி, மறுபடி மாட்டிக் காற்றடிக்க வேண்டும். 1904இல் வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய தாமஸ் மோரிஸ் டேவிஸும் அவர் சகோதரர் வால்டரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத வளையம் ஒன்றில் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்விகளால் பூட்டி ஓட்டிவிடலாம். டயரை நம்பலாம், முழுதாக நம்பக்கூடாது என்று உணர்ந்தவர்கள் செய்த பொருள் அது. நூறாண்டுக்கு மேலாக அந்த அறிவு ஒவ்வொரு காரிலும் ஏறி வந்தது.

அசையாமல் படுத்துக் கிடக்கும் சக்கரமும் மூப்படைகிறது. காற்று மெல்ல மெல்ல வெளியேறுகிறது. டிக்கியின் வெப்பத்தில் ரப்பர் இறுகி, வெடிப்பு விடுகிறது. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஒருமுறைகூட ஓடாததாக இருந்தாலும் 10 ஆண்டு கடந்த டயரை மாட்ட வேண்டாம் என்று டயர் நிறுவனங்கள் பலவும் சொல்கின்றன. பழைய கார் வாங்குபவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி இந்த நான்கு இலக்கத்தைப் படிப்பவர் அரிது. ஓடும் நான்கையும் இரண்டு முறை மாற்றிய வண்டியிலும் ஐந்தாவது, கம்பெனி கொடுத்த அதே சக்கரமாகக் கிடக்கும். மெலிந்த தற்காலிகச் சக்கரம் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். அந்த வகைக்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். மற்ற நான்கைப் போல 33 வைத்துவிட்டால் பாதி அளவில்தான் ஓடும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

டயர் வெடித்து உயிர் போனால் நாம் விதி என்கிறோம். துக்கம் கேட்க வந்தவர்கள் அப்படிச் சொல்வது ஆறுதலுக்காக. அதே வாதத்தை ஒரு காப்பீட்டு நிறுவனம் நீதிமன்றத்தில் வைத்தது. 2010இல் மகாராஷ்டிரத்தில் வேகமாகப் போன ஒரு காரின் பின்சக்கரம் வெடித்து, வண்டி பள்ளத்தில் விழுந்து, அதில் பயணம் செய்த ஒருவர் இறந்துபோனார். அவர் குடும்பத்துக்குச் சுமார் 1.25 கோடி ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னபோது, டயர் வெடித்தது கடவுளின் செயல், நாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யாராலும் எதிர்பார்க்க முடியாத இயற்கைச் சீற்றம் வேறு. டயர் வெடிப்பதற்கு அதிவேகம், குறைந்த காற்று, மிகுந்த காற்று, ஏற்கெனவே பயன்படுத்திய பழைய டயர், வெப்பம் என்று காரணங்கள் இருக்கின்றன, புறப்படும் முன் டயரைப் பார்ப்பது ஓட்டுபவரின் கடமை என்றது. சட்டம் சரியான இடத்தில் விரலை வைத்தது என்று நினைக்கிறேன். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில் சூடேறுகிறது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையின் சூடும் சேர்கிறது. இதில் கடவுள் செய்வதற்கு எதுவும் இல்லை.

சக்கரம் பஞ்சராவதைவிட, பஞ்சரான பிறகு நிற்கும் இடம்தான் என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நின்றுகொண்டிருந்த வண்டியில் மோதி முடிந்த பயணங்களும் அந்தக் கணக்கில் உண்டு. நாம் இடப்பக்கம் போகிறவர்கள். ஓரம் கட்டினால் வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் சாலையைப் பார்த்து நிற்கும். பஞ்சரானது அவற்றில் ஒன்று என்றால், ஓடும் லாரிகளுக்கு முதுகைக் காட்டிக் குந்த வேண்டும். நான்கு வழிச்சாலையில் 90, 100 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டருக்குக் குறையாமல் கடந்துவிடுகிறது. அது ஓட்டுநர் கண் அயரும் விடியற்காலையாகவும் இருக்கலாம்.

அப்படிப்பட்ட இடத்தில் சக்கரத்தை மாற்றவே கூடாது. டயர் கிழிந்தாலும் ரிம் நெளிந்தாலும் பரவாயில்லை, அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து, சர்வீஸ் சாலைக்கோ லாரிகள் நிறுத்தும் இடத்துக்கோ சுங்கச்சாவடிக்கோ போய்விட வேண்டும். புது டயரின் விலையை நினைத்து வண்டியை வளைவிலேயே நிறுத்துபவர்கள் உண்டு. அந்தக் கணக்கு தவறு. நகரவே முடியாது என்றால் உடன் வந்தவர்களை முதலில் இறக்கி, சாலைக்கு வெளியே, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்த வேண்டும். மழை பெய்கிறது, குழந்தை தூங்குகிறது என்று அவர்களை உள்ளேயே விடக்கூடாது. முக்கோண எச்சரிக்கைப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். காத்திருப்பதில் குறைவு எதுவும் இல்லை.

பாதுகாப்பான, சமமான, கெட்டித் தரை கிடைத்துவிட்டால் வேலை கடினமானது அல்ல. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, மூலைவிட்டமாக எதிரே இருக்கும் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் கொடுக்க வேண்டும். நட்டுகளை வண்டியைத் தூக்கும் முன்பே, சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே தளர்த்த வேண்டும். பலர் இதை மறந்து, ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதிக்கிறார்கள். சக்கரம் அந்தரத்தில் சுழல்கிறது, அல்லது வண்டி ஜாக்கியிலிருந்து சரிகிறது. முழுவதும் கழற்ற வேண்டாம், அரைச் சுற்றுத் தளர்ந்தால் போதும். ஜாக்கியைக் கதவுக்குக் கீழே, அதற்கென்று உறுதியாகச் செய்த இடத்தில்தான் வைக்க வேண்டும். வேறிடத்தில் வைத்தால் தகடு மடங்கும். மண் தரையானால் அடியில் ஒரு பலகைத் துண்டு. தூக்கியதும் ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் படுக்கவைத்துவிடுவது நல்ல பழக்கம், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். என்ன ஆனாலும் கையையோ தலையையோ வண்டிக்கு அடியில் நுழைக்கக்கூடாது. புதுச் சக்கரத்தை மாட்டும்போது நட்டின் சரிவான முனை உள்ளே பார்த்திருக்க வேண்டும். ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே உள்ளதை. வண்டியை இறக்கிய பிறகுதான் கடைசி இறுக்கு.

இவ்வளவையும் தெரிந்தவர்கூடத் தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது. டயர் கடையில் ஏர் கன் வைத்து நட்டுகளை இறுக்கிவிடுகிறார்கள். அது கொடுத்த இறுக்கத்தை வண்டியோடு வரும் குட்டை ஸ்பேனரால் தளர்த்த, உடல் வலு உள்ளவரும் திணறுவார். கடைசி இறுக்கைக் கையால் கொடுங்கள் என்று அங்கேயே நின்று கேட்க வேண்டும். ஸ்பேனர் பிடியில் செருக ஒரு நீள இரும்புக் குழாயை டிக்கியில் போட்டு வைத்தால், மெலிந்த கையாலும் நட்டு இளகும்.

மெலிந்த கையை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். இப்போது தமிழ்நாட்டில் பெண்கள் தனியாகக் காரில் நெடுந்தூரம் போகிறார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கிளட்சும் கியரும் சொல்லித் தருகிறார்கள். உரிமத் தேர்வில் ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்வதில்லை. வீட்டிலும் அது அப்பாவின் வேலை, அண்ணனின் வேலை, டிரைவரின் வேலை. அவர்கள் கூட இல்லாத நேரத்தில்தான் பெண்ணுக்கு அந்த அறிவு தேவைப்படும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில், வெளிச்சத்தில், அவசரமில்லாமல், மகளும் மனைவியும் ஒருமுறை தாங்களே கழற்றி மாட்டிப் பார்க்கட்டும். எந்த நட்டு இறுகியிருக்கிறது, ஜாக்கி எங்கே காணாமல் போனது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இதற்கிடையில் அந்தச் சக்கரமே வண்டியிலிருந்து மறைந்துகொண்டிருக்கிறது. 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 3.5 டன்னுக்கு மேற்படாத பயணியர் காரில், டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சரை அடைக்கும் சாதனமும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. இடம் மிச்சமாகும், மின்சாரக் காருக்குப் பெரிய பேட்டரி வைக்கலாம் என்பது காரணம். சிறிய ஆணிக் குத்துக்கு அந்தச் சாதனம் போதும். வால்வு வழியாக உள்ளே செலுத்தும் பசைத் திரவம் சுமார் 4 மில்லிமீட்டர் வரையிலான துளையை அடைக்கும். அந்தத் திரவத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. ஆனால் நம் சாலைகளில் டயரைக் கெடுப்பது ஆணி மட்டும்தானா? விளிம்பு உடைந்த பள்ளம், பெயிண்ட் அழிந்த வேகத்தடை, விளக்கில்லாமல் திடீரென்று தொடங்கும் நடுத்தடுப்பு, இவை பக்கச் சுவரைக் கிழிக்கின்றன. கிழிந்த சுவரை எந்தப் பசையும் ஒட்டாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40இல் ஒன்றிலோ, இரவில், செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் நிற்பவருக்கு அந்தப் புட்டி என்ன செய்யும்? மீட்பு வண்டி அரை மணியில் வந்துவிடும் ஊர்களுக்குப் பொருந்தும் ஏற்பாட்டை, சாலையும் சிக்னலும் சீராக இல்லாத நாட்டில் வைப்பது, ஆபத்தை வண்டி விற்பவரிடமிருந்து வாங்குபவரின் தலைக்கு மாற்றுவது. குறைந்தபட்சம், வாங்க வருபவரிடம் டிக்கியைத் திறந்து காட்டி, இதில் ஸ்டெப்னி இல்லை என்று வாய்விட்டுச் சொல்லும் கடமையாவது விற்பவருக்கு இருக்க வேண்டும். வேண்டுபவர் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் வழியும் வேண்டும்.

நெடுஞ்சாலையில் ஒரு கம்பத்தில் பழைய டயரைத் தொங்கவிட்டு, அதில் வெள்ளைப் பெயிண்டில் பஞ்சர் என்று எழுதியிருக்கும் கொட்டகைகளால்தான் இன்னும் பலர் வீடு சேர்கிறார்கள். கேரளத்திலிருந்து வந்து தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் இந்தத் தொழிலை நிலைநாட்டியவர்கள் நிறையப் பேர். இரவு இரண்டு மணிக்கு எழுப்பினாலும் எழுந்து வருபவர்கள். சாலைகள் அகலமாகி மேம்பாலங்கள் எழும்போது முதலில் இடம் இழப்பது அந்தக் கொட்டகைகள். புதிய சாலைத் திட்டத்தில் உணவகத்துக்கும் எரிபொருளுக்கும் இடம் ஒதுக்குபவர்கள், பஞ்சர் ஒட்டுபவருக்கும் ஒரு கூரையை ஒதுக்கினால் எத்தனையோ பேர் சாலை விளிம்பில் குந்த வேண்டியிருக்காது.

சக்கரம் மாற்றிய இடத்தில் நாம் விட்டுப்போகும் கற்களையும் சொல்ல வேண்டும். பின்னால் வருபவர்களை எச்சரிக்க லாரிக்காரர்களும் கார்க்காரர்களும் பெருங்கற்களை வரிசையாக வைக்கிறார்கள், மரக்கிளையை ஒடித்துப் போடுகிறார்கள். வேலை முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். கற்கள் அங்கேயே கிடக்கின்றன. அடுத்து இருட்டில் பைக்கில் வருபவருக்கு அவற்றைப் பற்றி எந்த எச்சரிக்கையும் இல்லை. கல்லை எடுத்து ஓரத்துக்கு அப்பால் போட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்ப வேண்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். பஞ்சரான டயரை அன்றைக்கே ஒட்டக் கொடுக்க வேண்டும். அது திரும்பி வந்து டிக்கிக்கு அடியில் காற்றோடு படுக்கும்வரை, அந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது.