எச்சில், பூணூல், சுவர்

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் குருவானவர் தம் எச்சிலை விரலில் தொட்டு அதன் காதிலும் மூக்கிலும் வைப்பார். உரோமைச் சடங்கில் நூற்றாண்டுகளாக இருந்த வழக்கம் அது. காது கேளாதவரின் நாவை இயேசு உமிழ்நீரால் தொட்டுக் குணமாக்கினார் என்று மாற்கு நற்செய்தி சொல்வதன் நினைவாக வந்தது. அண்ணாந்து தண்ணீர் குடிக்கிற ஊரில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. மதுரை மிஷனின் இயேசு சபைக் குருக்கள் அந்தப் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள்.

விஷயம் உரோமைக்குப் போனது. திருத்தந்தையின் தூதராக 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்திறங்கிய டூர்னோன், 1704 ஜூனில் ஓர் ஆணை பிறப்பித்தார். எச்சிலை விடக்கூடாது என்பது அதில் ஒன்று. அந்த எட்டு மாதத்தில் பெரும்பகுதியை அவர் நோய்ப்படுக்கையில் கழித்தார். உள்நாட்டு மிஷன் ஊர்களை நேரில் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஆணையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. காரணம் பின்னால் வருகிறது.

வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போகிற எவருக்கும் இரட்டைச் சிக்கல் உண்டு. தான் சுமந்து வந்ததில் எது வேதம், எது தன் ஊர் வழக்கம்? போய்ச் சேர்ந்த ஊரில் எது சமயம், எது வெறும் பழக்கம்? இதற்கு மிகத் துணிச்சலான விடை சொன்னவர் ராபர்ட் தெ நொபிலி. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியர். அவருக்கு முன்பே அங்கே இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியக் குரு, ஊர்க்காரர்களிடையே ஏறக்குறைய எவரையும் சேர்க்க முடியாமல் நின்றார். மாட்டிறைச்சியும் மதுவும் தோல் செருப்புமாக, அவர்கள் கண்ணுக்கு அவர் பறங்கி. அவருடைய மதமும் பறங்கி மதம்.

நொபிலி காவி உடுத்தினார், சைவ உணவுக்கு மாறினார், சந்தனம் பூசினார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். திருமுழுக்குப் பெற்ற பிராமணர் பூணூலையும் குடுமியையும் விட வேண்டாம் என்றார். அவை குலத்தின் அடையாளமே, தெய்வ வழிபாடு அல்ல என்பது அவர் வாதம். பெர்னாண்டஸ் மேலிடத்துக்கு எழுதினார். 1619-இல் கோவாவில் கூடிய சபையில் பெரும்பான்மையோர் நொபிலிக்கு எதிராக நின்றார்கள். ஆனால் 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாமல் இருந்தால் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் எல்லாம் இருக்கலாம் என்று அனுமதி தந்தார். அதே ஆணையின் இறுதியில், உயர்குலத்தவர் எளியவரை இகழக்கூடாது, ஆலயத்துக்குள் நிச்சயம் கூடாது என்று மன்றாடியும் இருந்தார்.

அனுமதி நடைமுறைக்கு வந்தது. மன்றாட்டு காகிதத்தில் தங்கியது.

ஏனென்றால் நொபிலி மதுரையில் தனிக் கோயில் கட்டியிருந்தார். பெர்னாண்டஸிடம் ஏற்கெனவே இருந்த கடற்கரைப் பரதவக் கிறித்தவர்களுக்கு ஒன்று, உயர்சாதியினருக்கு ஒன்று. 1640 வாக்கில் மிஷன் இன்னும் தெளிவாகப் பிரிந்தது: மேல்சாதியினருக்குச் சந்நியாசி வேடத்தில் சில குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசுவாமிகள் என்ற வேறு சிலர். சாதி குடிமுறை வழக்கம், கோட்பாடு அல்ல. ஆகவே அதைத் தொட வேண்டாம். பூணூலுக்குச் சொன்ன அதே வாதம் இப்போது தீண்டாமைக்கும் குடை பிடித்தது.

இனி டூர்னோனின் ஆணைக்குத் திரும்பலாம். எச்சிலை வற்புறுத்திய அதே தாளில், சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குருவானவர் நுழைந்தே ஆகவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதுவரை பலர் நுழையவில்லை; நுழைந்தால் மேல்சாதி விசுவாசிகள் போய்விடுவார்கள் என்ற பயம். மாதவிலக்கான பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கக்கூடாது என்றும் இருக்கிறது. ஊர் தெரியாத மனிதர், நோயாளி, எச்சில் விஷயத்தில் மூர்க்கமாகத் தவறியவர். ஆனால் ஊரை நன்றாகத் தெரிந்தவர்கள் கண்டும் காணாமல் விட்ட இரண்டை அவர் கண்டுவிட்டார். உள்ளூர் அறிவு எப்போதும் அறத்தின் பக்கம் நிற்பதில்லை. பல நேரம் உள்ளூரில் யார் உரக்கப் பேசுகிறாரோ அவரைத்தான் அது அறிந்திருக்கிறது.

அப்படியானால் ஒருவர் எந்த அளவுகோலைப் பிடிப்பது? ‘இது சமயமா, சமூகமா’ என்று பிரிப்பது போதவில்லை என்பதை மதுரை மிஷனே காட்டிவிட்டது. ஒரு பழக்கத்தின் பிறப்பிடத்தை ஆராய்வதைவிட, அதன் பாரம் யார் தோளில் விழுகிறது என்று பார்ப்பது மேல். சந்தனம் பூசியவர் தம் நெற்றியில் பூசிக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு நட்டமில்லை. இரண்டாவது கோயிலின் விலையைக் கொடுப்பவர் அதற்குள் விடப்படாதவர். பூணூல் இந்த இரண்டுக்கும் நடுவே சங்கடமாக நிற்கிறது. அது ஒருவர் மார்பில் கிடக்கிற நூல்தான். ஆனால் அதை அணிய முடியாத இன்னொருவர் எதிரே நிற்கும்போதுதான் அதற்குப் பொருள் வருகிறது. நொபிலி அந்தப் பாதியைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை.

1744-இல் பதினான்காம் பெனடிக்ட் வழக்கை முடித்து வைத்த விதம் சமரசம்: பறையருக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம். நோயாளியின் வீட்டுக்குக் குரு வருவார், ஆனால் வேறு குரு. இந்த ‘ஆனால்’ எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் சாட்சி. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில் ஒரே பலிபீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள், சாதிக்கு ஒன்றாக, நடுவே தடுப்பு. 1910-இல் அந்தத் தடுப்பு நீக்கப்பட்டபோது, அதை மீண்டும் எழுப்பித் தரக் கேட்டுப் பிள்ளை, முதலியார் கத்தோலிக்கர்கள் நீதிமன்றம் போனார்கள். தங்களைச் ‘சாதிக் கிறித்தவர்’ என்றே வழக்கில் சொல்லிக்கொண்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 1917-இல் அதை ஏற்கவில்லை. கிறித்தவருக்குள் தீட்டுக்கு இடமில்லை என்ற முடிவைத் திருச்சபையின் மக்கள் ஒரு மதச்சார்பற்ற மன்றத்திலிருந்து கேட்க வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கத் தவறும் சின்னதல்ல. சீனாவில் முன்னோர் பெயர்ப்பலகைக்கு முன் வணங்குவதை இயேசு சபையின் மத்தேயோ ரிச்சி வழியில் வந்த குருக்கள் குடும்ப மரியாதையாகக் கொண்டார்கள். உரோமை அதைச் சிலைவழிபாடு என்று 1704-லும் 1715-லும் தடுத்தது. 1742-இல் கதவைச் சாத்தியது. அதற்கு முன்பே, 1721-இல், காங்ஷி பேரரசர் மிஷனெரிகளின் போதனையைத் தடை செய்துவிட்டார். தாத்தாவை வணங்குவதால் யாரும் வெளியே தள்ளப்படவில்லை. யாருக்கும் வீட்டுவாசல் அடைக்கப்படவில்லை. ஆனாலும் சீனக் கிறித்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தாத்தாவா, திருச்சபையா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தடை 1939 டிசம்பரில் விலக்கப்பட்டது. எச்சிலின் கதையும் அப்படித்தான். 1969-இல் வந்த குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில் காதையும் வாயையும் விரலால் தொடுவது மட்டும் இருக்கிறது, எச்சில் இல்லை. டூர்னோன் பிடிவாதம் பிடித்ததை உரோமையே கைவிட்டது.

பாரம் யார் மேல் என்ற கேள்வியை வெளிப்படையாகக் கேட்டவர் நேட்டாலின் ஆங்கிலிக்கன் ஆயர் ஜான் கொலென்சோ. பல மனைவியருள்ள சூலு ஆண் ஞானஸ்நானம் கேட்டால், ஒருத்தியைத் தவிர மற்றவர்களை அனுப்பிவிட வேண்டும் என்பது அன்றைய மிஷனெரிகளின் பொது விதி. கொலென்சோ பலதார மணத்தை ஆதரித்தவர் அல்ல. ஆனால் துரத்தப்படும் மனைவியும் பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்று கேட்டார். 1862-இல் காண்டர்பரி பேராயருக்கு அதைக் கடிதமாகவே எழுதி அச்சிட்டார். 1888-இல் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள் அத்தகைய ஆண்களுக்கு ஞானஸ்நானம் இல்லை என்று தீர்மானித்தார்கள். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1988 லாம்பெத் மாநாடு அவர்களை மனைவி மக்களோடு சேர்த்துக்கொள்ளலாம், இனிமேல் வேறு மணம் செய்யக்கூடாது, இருக்கிற மனைவியரை விலக்கும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது என்றது. அந்தப் பெண்களுக்கு நேரக்கூடிய சமூக இழப்பையே தீர்மானம் காரணமாகச் சொல்கிறது. கொலென்சோ இறந்து அப்போது 105 ஆண்டுகள் ஆகியிருந்தன.