கடல் கொண்ட துவாரகையும் கடல் கொள்ளாத திருமாளிகையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

"துவாரகைக் கடலுக்கு அடியில் கிடப்பது கண்ணன் ஆண்ட நகரமே என்று உறுதிப்பட்டால் நம் விச்வாஸம் வலுப்பெறும். அன்று என்று ஆகிவிட்டால்?" கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலிருந்து இளம் அன்பர் ஒருவர் இவ்வாறு வினவியுள்ளார். முற்பகுதியை மேடைதோறும் கேட்கிறோம். பிற்பகுதியைக் கேட்பதற்குத்தான் துணிவு வேண்டும்.

1983 முதல் சில ஆண்டுகள், எஸ்.ஆர். ராவ் தலைமையில் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் துவாரகையிலும் பேட் துவாரகையிலும் கடலடி அகழாய்வு செய்தனர். முதுகில் காற்றுக்கலம் சுமந்து ஸ்கூபா முறையில் மூழ்கியவர்கள் செதுக்கிய கற்களையும், அரைவட்டக் கட்டுமானங்களையும், துளையிட்ட கல் நங்கூரங்கள் பலவற்றையும் கண்டனர். இது மஹாபாரதத் துவாரகையே என்பது ராவ் அவர்களின் முடிவு. அதே நிறுவனத்தின் பின்னாளைய ஆய்வாளர்களோ, துவாரகைக் கரையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை மிகப் பிற்பட்ட காலத்துத் துறைமுகம் ஒன்றின் எச்சங்கள் என்று எழுதினர். 2007-இலும் 2025-இலும் இந்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் மூழ்கினர். 2024 பிப்ரவரி 25 அன்று பிரதமர் நரேந்திர மோடி அக்கடலில் இறங்கி மயிற்பீலி ஸமர்ப்பித்ததை உலகமே பார்த்தது.

இங்கு நம்மவர் பலர் செய்வது அடியேனுக்கு உடன்பாடன்று. கல் பழமையானது என்று ஒருவர் சொன்னால் கொண்டாடுகிறோம். பிற்பட்டது என்று மற்றொருவர் சொன்னால் அவரை நாஸ்திகர் என்கிறோம். ஒரு ஸாக்ஷியைக் கூண்டில் ஏற்றிவிட்டு, நமக்கு உகந்ததைச் சொல்லும்போது மட்டும் செவி சாய்ப்பது ஸத்யமாகுமோ? ப்ரத்யக்ஷத்துக்கும் அநுமானத்துக்கும் எட்டாத விஷயத்திலேயே சாஸ்த்ரம் ப்ரமாணம் என்பது நம் ஸம்ப்ரதாயம். கல்லின் வயதைச் சொல்வது கல்லை ஆராய்கிறவர் பணி. அவன் ஸர்வரக்ஷகன் என்பதை எந்த நங்கூரமும் சொல்லாது, மறுக்கவும் மறுக்காது.

இனி, சாஸ்த்ரம்தான் என்ன சொல்கிறது? துவாரகையைக் கடல் கொண்டதை ஸ்ரீவிஷ்ணு புராணமும் ஸ்ரீமத் பாகவதமும் கூறுகின்றன. இரண்டும் ஒரு விலக்கையும் சேர்த்தே கூறுகின்றன: எம்பெருமானுடைய திருமாளிகையை மட்டும் கடல் கொள்ளவில்லை. இதை நினைவில் வைத்தால் வினாவே புரண்டுவிடுகிறது. ஆழத்தில் எது அகப்பட்டாலும், அது அவன் திருமாளிகை ஒழிந்த மற்றவையே. எஞ்சியிருந்த யாதவர்களை அர்ஜுனன் அழைத்துப் போனபின் வெறுமையான வீதிகள் அவை. அவனைத் தேடிக் கடலில் இறங்குகிறவர், அவன் இல்லை என்று புராணம் காட்டிய இடத்தில் அன்றோ தேடுகிறார்!

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் எம்பெருமானின் ஐந்து நிலைகளையும் தண்ணீராக உருவகித்து அருளினார். அந்தர்யாமி நிலத்தடி நீர்; விபவாவதாரம் பெருக்காறு; அர்ச்சாவதாரம் அவ்வாற்றில் தேங்கிய மடுக்கள். கோமுகி ஆற்றை அறிந்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டா. மழைக்காலத்தில் மலையிலிருந்து புரண்டு வரும் வெள்ளத்தை அப்போது கரையில் நின்றவனே கண்டான். கோடையில் தாகத்தோடு வருகிறவனுக்கு உதவுவது பள்ளத்தில் நின்ற நீர்தான். கண்ணன் எழுந்தருளியிருந்த துவாரகை அந்தப் பெருக்கு. வெள்ளம் போன தடத்தை அளக்கலாம், ஆராயலாம், வியக்கவும் செய்யலாம். ஆனால் அந்தத் தடத்து மணலைக் குடிக்க முடியாது.

அதற்காக மூழ்குவது தவறு என்பதன்று. அவன் திருவடி பட்டிருக்கக்கூடிய மண் என்ற எண்ணமே நெஞ்சை உருக்கவல்லது. ஆண்டாள், தன்னைக் கொண்டுபோய் விடும்படி கேட்ட இடங்களுள் துவாரகையும் ஒன்று. கடல் கொண்ட செய்தி அந்த ஆசையைத் தடுக்கவில்லை. அவள் தேடியது அவனை. அந்த ஆசையோடு இறங்குகிறவர் இறங்கட்டும். வேடிக்கைக்காக இறங்கி, நினைவுக்கென்று ஒரு கல்லைப் பெயர்த்து வருவதுதான் அபசாரம்; ஆய்வாளருக்கும் அது கேடு.

ஆகவே அன்பர் கேட்ட "இல்லையென்றால்?" என்பதற்கு விடை: நாளையே அங்குள்ள கற்கள் யாவும் பிற்காலத்துத் துறைமுகத்தவை என்று நிறுவப்பட்டாலும், கோமதிக் கரையில் துவாரகாதீசனுக்கு அன்றைய திருவாராதனம் நடந்தேறும். அங்கே போய்ச் சேவிக்க இயலாதவருக்குத் திருக்கோவலூரில் ஆயனார் எழுந்தருளியிருக்கிறார்.