சூரைச்செடியின் கீழ் ஒரு பிள்ளை

 

இந்த மாதம் தாய்மாரோடும் தகப்பன்மாரோடும் ஒரு காரியத்தை மனம் திறந்து பேச வாஞ்சிக்கிறேன். ஜெபத்துக்கு வருகிறவர்களில் அநேகர் சொல்லுகிற வார்த்தை இது: “ஐயா, இவன் ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கறான். சொன்ன பேச்சு கேக்கிறதில்ல. சின்ன விஷயத்துக்கும் கையில கிடைச்சதை எறியுறான். இவனுக்குள்ள ஏதோ இருக்கு. தலையில கைய வச்சு விரட்டுங்க.”

கவனியுங்கள். அசுத்த ஆவிகளைத் துரத்த கர்த்தர் சபைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார். அதை நான் மறுதலிக்கிறவன் அல்ல. ஆனால் ஓயாமல் துள்ளுகிற, எதிலும் நிலைத்திராத, சட்டென்று கொதிக்கிற பிள்ளையை நாலு பேர் அமுக்கிப் பிடித்து, காதருகே சத்தமிடுகிறது விசுவாசம் அல்ல. ஏழு வயதுப் பிள்ளை அங்கே என்ன கற்றுக்கொள்ளுகிறான்? “எனக்குள்ள பிசாசு இருக்கு” என்று கற்றுக்கொள்ளுகிறான். அந்த நினைவை அவனைவிட்டு யார் துரத்துவது?

மருத்துவர்கள் இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பேர் சொல்லுகிறார்கள். 1902லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தி நன்றாயிருந்தும் தங்களை அடக்கிக்கொள்ள முடியாத பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவு செய்தார். 2007ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வில், மற்றப் பிள்ளைகளின் மூளை மேலடுக்கு ஏழரை வயதில் எட்டுகிற வளர்ச்சியை இந்தப் பிள்ளைகள் ஏறக்குறைய பத்தரை வயதில்தான் எட்டினார்கள் என்று கண்டார்கள். தாமதம் அதிகம் தெரிந்தது முன்பகுதியில். நம்மை அடக்கி நிறுத்துகிற பிரேக் அங்கேதான் இருக்கிறது. பிரேக் பிடிக்காத வண்டியை அடித்து என்ன பிரயோஜனம்? இது குடும்பத்தில் வழிவழியாய் வருகிறதும் உண்டு. தகப்பனே, நீங்க சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு உங்க அம்மாவைக் கேட்டுப் பாருங்க!

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கின எலியா, யேசபேலின் மிரட்டலைக் கேட்டு வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, செத்துப்போனால் போதும் என்கிறான். எவ்வளவு பெரிய தீர்க்கதரிசி! உள்ளத்தின் கொந்தளிப்பு அவனையே அடித்துக்கொண்டு போயிற்று. தேவன் உடனே பிரசங்கம் பண்ணினாரா? இல்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கினான், மறுபடியும் கொடுத்தார். கேள்வி வந்தது எப்போது? நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகு! அங்கேயும் எலியா அதே புலம்பலை இரண்டு தரம் ஒப்பிக்கிறான். “இதைத்தான் அப்பவே சொன்னியே” என்று கர்த்தர் எரிந்து விழவில்லை. காற்றிலும், பூமி அதிர்ச்சியிலும், அக்கினியிலும் அவர் இல்லை. நம்ம வீட்டிலோ இந்த மூன்றும் சாயங்காலம் ஹோம்வொர்க் நேரத்தில் தவறாமல் வந்துவிடுகிறது!

பிள்ளை கொதித்துக்கொண்டிருக்கும்போது புத்தி சொல்லாதிருங்கள். அந்த நேரத்தில் அது உள்ளே இறங்காது. உங்கள் சத்தத்தைத் தாழ்த்துங்கள். “உனக்குக் கோபமா இருக்கு, தெரியுது. அம்மா பக்கத்துல இருக்கேன்.” அவ்வளவு போதும். தம்பியை அடிக்கப் போனால் தம்பியைத் தள்ளி நிறுத்துங்கள். பாடம் பிறகு. அடங்கி, தண்ணீர் குடித்த பிறகு பேசலாம்.

இதைப் பெற்றோர் பழகிக்கொள்ளப் பயிற்சியே உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற மனோதத்துவ நிபுணர், வீடுகளில் நடக்கிறதைக் கவனித்து ஒரு கண்ணியைக் கண்டுபிடித்தார். அது நம் வீட்டுக் கதைதான். “டி.வி.யை அணை” என்கிறாள் அம்மா. பிள்ளை கத்துகிறான். அம்மா சலித்து விட்டுவிடுகிறாள். கத்தினால் ஜெயம் என்று பிள்ளை கற்றான். மறுநாள் அம்மா அவனைவிட உரக்கக் கத்துகிறாள், அவன் அடங்குகிறான். அம்மா கற்றதும் அதே பாடம்!

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2019ல் கொடுத்த ஆலோசனையைக் கேளுங்கள். நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மாத்திரைக்கு முன்னே பெற்றோருக்குப் பயிற்சி. ஆறு வயது முதல் மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து. குறை பிள்ளைக்கு, பயிற்சி அப்பா அம்மாவுக்கு! குற்றம் உங்கள்மேல் என்பதற்காக அல்ல. அவன் பிரேக் முதிரும்வரை நீங்கள் அவனுக்குப் பிரேக்.

என்ன செய்வது? அடுப்படியிலிருந்து கூவாதிருங்கள், கிட்டே போய், கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். “குளிச்சு, சட்டை போட்டு, பையை எடுத்துட்டு வா” என்றால் அவனுக்குப் பை மட்டும்தான் ஞாபகம் இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. செய்தவுடன் பாராட்டுங்கள், என்ன செய்தான் என்று சொல்லிப் பாராட்டுங்கள்: “கூப்பிட்டதும் வந்தியே, சந்தோஷம்.” பரீட்சை முடிந்ததும் சைக்கிள் என்கிற வாக்குத்தத்தம் இவனுக்குத் தூரம். இன்றைக்கு ஒரு நட்சத்திரம், சாயங்காலம் ஒரு விளையாட்டு, இதுதான் எட்டும். தினம் பதினைந்து நிமிஷம் குறை சொல்லாமல், உத்தரவு போடாமல் அவனோடு விளையாடுங்கள். அடம்பிடித்தலுக்கு நீங்கள் மசியாத முதல் சில நாட்கள் அடம் அதிகமாகும். பயப்படாதிருங்கள், பாதியில் விட்டுவிடாதிருங்கள். இதனால் கவனச்சிதறல் எல்லாம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் சண்டை குறையும்.

பிரம்பைப் பற்றிய வசனத்தை மட்டும் மனப்பாடமாய் வைத்திருக்கிற தகப்பன்மாரே, எபேசியர் 6:4ஐயும் வாசியுங்கள். பிள்ளைக்குக் கோபம் மூட்ட வேண்டாம் என்று பவுல் புத்தி சொல்லுவது தாய்க்கு அல்ல, உங்களுக்கு.

இன்னொன்று. “ஜெபிச்சாச்சு, இனி மாத்திரை வேண்டாம்” என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், டாக்டரைக் கேளாமல் நிறுத்தாதிருங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் பெங்களூர் நிம்ஹான்ஸிலும் பிள்ளைகளுக்கென்றே மனநலப் பிரிவு உண்டு. போங்கள், நாங்கள் ஜெபத்தில் தாங்குகிறோம்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. ஆராதனையில் ஒரு பிள்ளை எழுந்து ஓடினால், எல்லாரும் திரும்பி அந்தத் தாயைப் பார்க்காதிருங்கள். வாசலோரம் கடைசிப் பாயை அவளுக்கு விட்டுவைப்போம். சண்டே ஸ்கூல் டீச்சர்மாரே, பாட்டுப் புத்தகம் கொடுக்கிற வேலையை அவனுக்குக் கொடுங்கள்.